உறுப்பினர் மாலைக்கு ஆள் வருவதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஒளிப்படக் கழகத்தில் விருந்தினர் உரைக்கு அரங்கு நிறைகிறது, ஆனால், உறுப்பினர்கள் தம் படங்களைக் காட்டும் மாலைக்குப் பத்துப் பேர்கூட வருவதில்லை. வழி உண்டா?

மறுமொழி 1: ஐயா, ஒருவரே நாற்பது படங்களைக் காட்டினால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? 1853இல் லண்டனில் தொடங்கிய ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி, தன் எல்ஆர்பிஎஸ் எனும் முதல்நிலைத் தகுதிக்கே 10 படங்கள்தான் கேட்கிறது. நீங்கள் ஆளுக்கு ஐந்து என வரம்பு வைத்து, எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் திரையிட்டால், முகதாட்சண்யமின்றிக் கருத்துகள் வரும்.

மறுமொழி 2: படங்களை முன்னதாகவே வாங்கி எஸ்ஆர்ஜிபி எனும், பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிறவெளிக்கு (படத்தின் நிறங்களைக் குறிக்கும் முறை) மாற்றிவிடுங்கள், அதைவிட விரிந்த நிறவெளியான அடோபி ஆர்ஜிபியில் உள்ள படம் பல புரொஜெக்டர்களில் சாயம் போனதுபோல் தெரியும், எடுத்தவரும் அடுத்த மாதம் வரமாட்டார்.

கேள்வி கேட்டவர்: நன்றி. பெயர் சொல்லாத முறையை அடுத்த கூட்டத்திலேயே முயன்று பார்க்கிறோம்.