தூக்கத்தில் சிறுநீர் கசியும் வயதான நாய்: வெளியே கட்டுவதைத் தவிர வேறு வழி உண்டா?

கேள்வி: மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் செல்லி பதினொரு வயதான பெண் லாப்ரடார்; எடை 28 கிலோ. இளம் வயதிலேயே அவளுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டோம். பின்னங்கால் மூட்டுகளில் சற்று விறைப்பு இருப்பதைத் தவிர அவளுக்குப் பெரிய குறையொன்றும் இருந்ததில்லை. பசியும் நன்றாகவே இருக்கிறது.

அண்மைக் காலமாக அவள் படுத்து எழுந்த இடம் நனைந்திருக்கிறது. விழித்திருக்கும்போது முன்போலவே கொல்லைக் கதவருகே வந்து நின்று குரல் கொடுக்கிறாள். கதவைத் திறந்தால் வெளியே போய்த்தான் சிறுநீர் கழிக்கிறாள். தூங்கும்போது மட்டும் அவள் அறியாமலே கசிந்துவிடுகிறது. எழுந்து பார்த்து, ஈரத்தை முகர்ந்துவிட்டு, மூலையில் போய் ஒடுங்கி நின்றுகொள்வதைக் காணச் சகிக்கவில்லை.

அவள் படுப்பது கூடத்தில். பூசையறைக்குப் போகும் வழியும் அதுதான் என்பதால், விடியற்காலையில் எழும் என் மாமியாருக்கு இது பெரிய மனக்குறையாக இருக்கிறது. அவருக்கும் செல்லியின் மேல் பாசம் உண்டு என்பதால் வெளிப்படையாகக் கடிந்துகொள்வதில்லை. கார் கொட்டகையில் கட்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்துள்ளது. மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீர் வைக்க வேண்டாம் என்கிறார் என் கணவர். வாழைத்தண்டுச் சாறு கொடுத்தால் நின்றுவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில், பதினொரு ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவளை வெளியே கட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இது முதுமையால் வருவதுதானா, அல்லது மருத்துவம் உள்ள நோயா? என்னென்ன சோதனைகளைக் கேட்டுச் செய்யவேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், திருப்பாதிரிப்புலியூர்

அம்மா, நீங்கள் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் உதவுவது, விழித்திருக்கும்போது கட்டுப்பாடு இருக்கிறது, உறக்கத்தில் மட்டும் கசிகிறது என்ற செய்திதான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முதுமை என்பது இதற்குக் காரணமாகச் சொல்லத்தக்க நோயின் பெயர் அன்று. கசிவுக்குப் பின்னால் ஏறத்தாழ எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அவற்றுள் பலவற்றுக்கு நல்ல மருத்துவமும் இருக்கிறது.

கருத்தடை செய்யப்பட்ட, 20 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள பெண் நாய்களில் மிகுதியாகக் காணப்படுவது, சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடித்திருக்கும் சுருக்குத் தசையின் தளர்ச்சி. சினைப்பைகளை அகற்றியபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அந்தத் தசையின் இறுக்கம் ஓரளவு அந்த ஹார்மோனைச் சார்ந்தது. உறக்கத்தில் உடல் தளர்ந்திருக்கும்போது கசிவு நேர்வதால் நாய்க்கே தெரிவதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில மாதங்களிலும் இது தொடங்கலாம், பல ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். இதைப் படித்துவிட்டுக் கருத்தடையே கூடாது என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்களின் கருப்பையில் சீழ் கோர்க்கும் நோய் உயிரையே பறிக்கக்கூடியது, இந்தக் கசிவு அப்படிப்பட்டதன்று.

ஆயினும், அடையாளங்கள் பொருந்துகின்றன என்பதற்காகச் சோதனையின்றி மருந்து தொடங்கக் கூடாது. சிறுநீர்ப்பை நோய்த்தொற்று, கல், கட்டி, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அட்ரினல் சுரப்பி மிகையாகச் செயல்படும் குஷிங் நோய் ஆகியவையும் கசிவாகவே முதலில் தலைகாட்டக்கூடும். சிறுநீர் அளவுக்கு மீறிச் சுரந்தால் நல்ல தசைகூடத் தாங்காது. ஆகவே இன்றே தொடங்கக்கூடிய வேலை, செல்லி ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று அளப்பது. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மீதியைக் கழித்துப் பாருங்கள். நாய் ஒன்று கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி லிட்டர் வரை குடிப்பது இயல்பு. 28 கிலோ நாய்க்கு அது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 2.8 லிட்டரைத் தாண்டினால், அது நோயின் அறிகுறி. தயிர்ச் சோறும் குழம்புச் சோறும் கொடுக்கும் நம் வீடுகளில் உணவின் வழியாகவும் நிறைய நீர் சேர்கிறது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, காலையின் முதல் சிறுநீர். அவள் உட்காரும்போது கழுவி உலர்த்திய நீளக் கரண்டியைப் பின்புறமாக நீட்டிப் பிடித்து, சுத்தமான சிறு புட்டியில் ஊற்றி, கூடிய விரைவில் ஆய்வகத்தில் சேர்த்துவிடலாம். அதன் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.030-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் நீரைச் சரியாகச் செறிவாக்குகிறது என்று ஓரளவு நிம்மதி கொள்ளலாம். திரும்பத் திரும்ப 1.020-க்குக் கீழேயே இருந்தால் மேலும் தேட வேண்டும். சிறுநீரில் கிருமி உள்ளதா என்று வளர்த்துப் பார்க்கும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு மட்டும், மருத்துவரே வயிற்றின் வழியாக ஊசியால் எடுக்கும் சிறுநீர்தான் நம்பத்தக்கது. இவற்றுடன் இரத்தச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா, கிரியேட்டினின், சிறுநீர்ப்பைக்கு ஸ்கேன் ஆகியவை போதும்.

தண்ணீரை நிறுத்துவது பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: செய்யாதீர்கள். சிறுநீரகம் கெட்டிருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ, தண்ணீரை மறுப்பது ஒரே இரவில் நாயை ஆபத்தில் தள்ளிவிடும். தண்ணீருக்குப் பதிலாக நேரத்தை மாற்றுங்கள். நீங்கள் படுக்கப் போகும் முன் ஒருமுறையும், எழுந்தவுடன் ஒருமுறையும் தவறாமல் வெளியே அழைத்துச் செல்லுங்கள். வாழைத்தண்டுச் சாறு சிறுநீரைப் பெருக்குவதற்காகக் கொடுக்கப்படுவது; கசிவுக்கு அது நேர்மாறானது.

தசைத் தளர்ச்சிதான் என்று உறுதியானால், பீனைல்புரொப்பனோலமைன் என்ற மருந்து அந்தத் தசையை இறுகச் செய்யும். பெரும்பாலான நாய்களில் சில நாட்களிலேயே வேறுபாடு தெரியும். இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது என்பதால், அதைத் தொடங்கும் முன் அழுத்தத்தையும் இதயத்தையும் பார்க்கவேண்டும். படபடப்பு, பசியின்மை, இரவில் அமைதியின்மை ஆகியவை தோன்றினால் அளவைக் குறைக்கவேண்டியிருக்கும். எஸ்ட்ரியோல் என்ற ஹார்மோன் மாத்திரை இன்னொரு வழி; பலனளிக்கத் தொடங்கியபின் மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்து தொடர்வார்கள். மனிதர்களுக்கான சளி மாத்திரைகளை மட்டும் எவர் சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் நாய்க்குக் கேடான வேறு மருந்துகள் கலந்திருக்கும்.

மறுமொழி 2: இலாசுப்பேட்டை, புதுச்சேரி

மருத்துவர் ஐயா மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டதால் நான் பராமரிப்பை மட்டும் எழுதுகிறேன். எங்கள் பழைய நாய்க்கும் இதே தொல்லை இருந்தது. மருந்து பலன் தந்தபிறகும் கோடையின் வெக்கையிலும் மழை நாட்களிலும் அவ்வப்போது கசியத்தான் செய்தது. ஆகவே படுக்கையைச் சரியாக அமைத்துக்கொள்வது எப்படியும் தேவைப்படும்.

கைக்குழந்தைக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டைத் தரையில் போட்டு, அதன்மேல் ஈரத்தை உறிஞ்சும் தடித்த விரிப்பையும் அதற்குமேல் பழைய பருத்திப் புடவை மடிப்பையும் போடுங்கள். புடவை கசிவை உடனே கீழே இறக்கிவிடும். உடலோடு ஈரம் ஒட்டாது. கோரைப்பாய் வேண்டாம், ஈரம் பட்டால் நாற்றம் அதில் ஊறிவிடும். நைலான் பட்டை பின்னிய தாழ்வான சிறு கட்டிலும் நன்றாக இருக்கும், ஆனால் மூட்டு விறைப்புள்ள நாய் ஏறி இறங்கும் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் எதுவும் எளிதில் காயாது என்பதால் விரிப்புகளைத் தேவைக்கு மிகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தோலைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். சிறுநீர் பட்டு ஊறிய தோல் முதலில் சிவக்கும், பிறகு புண்ணாகும். நம் ஊரில் அதோடு நிற்பதில்லை. ஈரமும் நாற்றமும் உள்ள இடத்தில் ஈ முட்டையிட்டு, பின்புற மடிப்புகளில் புழு வைத்துவிடும். கார் கொட்டகையில் கட்டிய கிழட்டு நாய்களுக்கு மழைக்காலத்தில் இப்படி நேர்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். செல்லியை வெளியே கட்ட வேண்டாம் என்று உங்கள் வீட்டாரிடம் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும். பின்தொடை, வால் அடி, பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். காலையிலும் இரவிலும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரமில்லாமல் ஒற்றியெடுத்து, மெல்லிய படலமாக வாசலின் தடவுங்கள். குழந்தைகளுக்கு டயாபர் புண்ணுக்குப் போடும் துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடவ வேண்டாம். நாய் அதை நக்கிவிடும், அது நஞ்சு.

டயாபர் போடலாம், விருந்தினர் வரும்போதும் பயணத்திலும் மிகவும் உதவும். ஆனால் இரவு முழுவதும் ஒரே டயாபரில் விட்டால் தொற்று வரும்.

தரையைத் துடைக்கப் பினாயிலை நிறுத்திவிடுங்கள். அதன் நெடி நாயின் தோலுக்கும் மூக்குக்கும் ஒவ்வாது. சிறுநீரின் வாடையையும் அது மறைக்குமே தவிரப் போக்காது. வெள்ளை வினிகரில் சமபங்கு தண்ணீர் கலந்து துடைத்தால் போதும். தரை சலவைக்கல்லாக இருந்தால் வினிகர் அதை அரித்துவிடும், சோப்பு நீரையே பயன்படுத்துங்கள். துடைப்பவர் கையுறை அணிவது நல்லது. எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகவும் மனிதருக்குப் பரவக்கூடியது. அதற்கான தடுப்பூசி செல்லிக்கு நாட்கடந்துவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் மாமியாரின் மனக்குறைக்கும் வழியிருக்கிறது. படுக்கையைப் பூசையறை வழியிலிருந்து அகற்றி, கொல்லைக் கதவை ஒட்டிப் போட்டுவிட்டால், அவர் நடக்கும் இடம் உலர்ந்திருக்கும். செல்லிக்கும் வெளியே போகும் தூரம் குறையும்.

மறுமொழி 3: நெல்லிக்குப்பம்

இதைப் படிக்கும் ஆண் நாய் வளர்ப்பவர்களுக்காக ஒரு சொல். எங்கள் டாஷ்ஹண்டுக்கும் கசிவு இருந்தது. ஆனால் காரணம் முதுகெலும்பு வட்டு நழுவியது. பின்னங்கால் இழுபட்டாலோ, பாதத்தின் மேற்புறம் தரையில் தேய்ந்தாலோ, வால் தொங்கிப்போனாலோ அது நரம்புக் கோளாறு, காத்திருக்கக் கூடாது. காலைத் தூக்கி முக்கியும் சொட்டுச் சொட்டாகவே வந்தால் அடைப்பாக இருக்கலாம்; அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. படுக்கையைக் கொல்லைக் கதவருகே மாற்றிவிட்டோம். மாமியாரே தம் பழைய சுங்குடிப் புடவைகளை எடுத்துக் கொடுத்தார்.

தண்ணீரை அளந்தேன். ஏறத்தாழ இரண்டரை லிட்டர் குடிக்கிறாள். இன்னொன்றையும் ஐயாவிடம் கேட்கவேண்டும். தோல் அரிப்புக்காக வெளியூர் மருத்துவமனை ஒன்றில் எழுதித் தந்த மாத்திரையை அவள் தொடர்ந்து சாப்பிட்டு வருகிறாள். அட்டையில் பிரட்னிசோலோன் என்று இருக்கிறது. இதற்கும் கசிவுக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 4: ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், திருப்பாதிரிப்புலியூர்

நிச்சயமாக உண்டு, அம்மா. பிரட்னிசோலோன் ஸ்டீராய்டு வகை மருந்து. தாகத்தையும் சிறுநீரையும் பெருக்குவது அதன் இயல்பு. இரண்டரை லிட்டர் என்றால் கிலோவுக்கு 90 மில்லிக்குச் சற்றுக் குறைவு; எல்லையைத் தாண்டவில்லை என்றாலும் இயல்பைவிட மிகுதி. தசை முன்பே சற்றுத் தளர்ந்திருந்து, இந்தக் கூடுதல் சிறுநீர் அதை வெளிக்காட்டியிருக்கலாம். இதய நோய்க்குத் தரும் ஃப்ரூஸ்மைடும் வலிப்புக்குத் தரும் பினோபார்பிட்டோனும் இப்படிச் செய்யக்கூடியவையே.

ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்கவேண்டிய ஹார்மோன் இல்லாமல் நாய் சரிந்துவிடும். மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். அரிப்புக்கு வேறு மருந்து தர முடியுமா என்றும் அவரிடமே கேளுங்கள். ஸ்டீராய்டு நோய்த்தொற்றின் அறிகுறிகளை மறைத்துவிடும் என்பதால், சிறுநீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி வளர்ப்புச் சோதனையை விட்டுவிட வேண்டாம். சர்க்கரையையும் கட்டாயம் பார்க்கவேண்டும்.

கடலூரில் இந்தச் சோதனைகள் அனைத்தும் ஒரே இடத்தில் அமையாவிட்டால், புதுச்சேரி குரும்பாபேட்டையில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். புறப்படும் முன் அங்கு நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டை, தண்ணீர் அளந்த குறிப்பு, தடுப்பூசி அட்டை ஆகியவை கையில் இருக்கட்டும். ஸ்கேனுக்கும் ஊசியால் சிறுநீர் எடுப்பதற்கும் சிறுநீர்ப்பை நிறைந்திருப்பது நல்லது என்பதால், மருத்துவமனைக்குள் நுழையும் முன் அவளைச் சிறுநீர் கழிக்க விடாமல் அழைத்துச் செல்லுங்கள்.