மறு: [கலைச்சொல்] உரையிலிருந்து படிவம்: என்ன பெயர் வைப்பது?

வணக்கம் நண்பர்களே,

வெறும் உரையாக எழுதிக் கொடுத்ததை நிரலே படிவமாக ஆக்கித் தரும் முறைக்குத் தமிழில் பெயர் தேடும் இந்த இழையை மூன்று நாளாகச் சும்மா படித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று வந்த பரிந்துரையைப் பார்த்ததும் வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது.

> உரைவிவரிப்புசார் பல்தளப் பயனர் இடைமுகப் படிவ உருவாக்கம்

இதைச் செயலியின் பட்டியில் (மெனு) போட்டால் கைப்பேசித் திரையில் மூன்று வரி ஓடும். நீளம்கூடப் போகட்டும், பல இயங்குதளங்களில் ஓடும் என்பதற்காகச் சேர்த்த 'பல்தளம்'தான் எனக்கு உறுத்துகிறது. வலைத்தளத்தையே 'தளம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பல்தளம் என்றால் யாரோ நாலைந்து வலைத்தளம் நடத்துவதாகப் படும். எங்கள் அப்பாவிடம் சொன்னால் மாடிக்குத் தளம் போடும் செலவைக் கேட்பார்.

முதலில் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்க்கலாம். காங்கயம் பக்கம் என் மாமாவுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. வரவு எழுத ஒரு சின்னப் படிவம் செய்து கொடுத்தேன். நான் எழுதியது மொத்தமே இவ்வளவுதான்:

பெயர்: ________
மூட்டை: ###
ரகம்: (அரவை | பந்து)
[ ] பணம் கொடுத்தாச்சு
<சேமி>

கோடு இழுத்த இடம் உரைப்பெட்டி, வெற்று அடைப்பு தேர்வுப்பெட்டி. ஒரு குட்டி நிரல் இதைப் படித்து, அலுவலக விண்டோஸ் கணினிக்கு ஒரு சாளரமும் களத்தில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உலாவிக்கு ஒரு பக்கமும் ஆக்கித் தருகிறது. ரகத்தைத் தொட்டால் கணினியில் பட்டியல் கீழே இறங்கும். கைப்பேசியில் நடுத்திரையில் பெட்டியாக எழும். மூட்டை என்பது எண் என்று ### போட்டுச் சொல்லிவிட்டதால், அங்கே விரல் வைத்ததும் எண் விசைப்பலகையே வருகிறது. எது எத்தனை புள்ளி அகலம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

முன்னால் அப்படிச் சொல்லித்தான் கெட்டேன். முதல் படிவத்தைச் சுட்டியால் இழுத்துப் போட்டு வரைந்திருந்தேன். அகலமெல்லாம் ஆங்கிலச் சொற்களுக்கு அளந்தது. தமிழை ஏற்றியதும் "பணம் கொடுத்தாச்சு" பாதியில் வெட்டுப்பட்டு "பணம் கொடு" என்று நின்றுவிட்டது. மாமா கூப்பிட்டு, "ஏங் கண்ணு, உன்ற பொட்டி என்னையவே பணம் கேக்குது?" என்றார். தமிழில் சொல் நீளும், எழுத்தும் அகலம். நாம் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, எப்படி அடுக்குவது என்பதை இயந்திரத்திடம் விடுவது நமக்கு ஆங்கிலக்காரர்களைவிட அதிகம் தேவை.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில், 1995-இல் வந்த 2.0 பதிப்பிலேயே படிவம் உண்டு. அதில் எழுதிய தேர்வுப்பட்டியல் கணினியில் கீழே இறங்கும், அதுவே பழைய ஐபோனில் சக்கரமாகச் சுழன்றது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2003-இல் வெளியிட்ட எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற படிவ மொழி, எதைக் கேட்கிறோம் என்பதையும் எப்படிக் காட்டுகிறோம் என்பதையும் சுத்தமாகப் பிரித்தது. ஆனால் பெரிய உலாவிகள் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எக்செல் தாளில் கேள்விகளை வரிசையாக எழுதி, ஓடிகே என்ற தகவல் திரட்டும் மென்பொருளுக்குப் படிவமாக்குவதைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் அறிவார்கள்.

எனவே நாம் பெயர் வைக்க வேண்டியது அந்த ஐந்து வரிக்கு. எத்தனை இயங்குதளத்தில் ஓடும் என்பதைப் பெயரில் திணிக்க வேண்டாம். எச்டிஎம்எல் பெயரிலும் அது இல்லை. சாதகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, நேரம், ஊர்: இதுதான் குறிப்பு. இதை வைத்து நம் பக்கத்தில் சதுரக் கட்டம் போடுவார்கள், வடக்கே சாய்சதுரமாக வரைவார்கள். கட்டம் மாறினாலும் கிரகம் இடம் மாறுவதில்லை. அதனால் என் பரிந்துரை படிவக்குறிப்பு.

குறிப்பைப் படித்துப் படிவம் செய்யும் கருவிக்கு 'படிவாக்கி' என்று ஒருவர் சொல்லியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் படிவம் + ஆக்கி, படிவு + ஆக்கி இரண்டுமே அப்படித்தான் வரும். படிவு என்றால் வண்டல் மாதிரி அடியில் தங்குவது. படிவுப் பாறை என்று பள்ளியில் படித்தோமே. (பதினைந்து வருடத்துக்கு முன் நான் எழுதிய படிவ நிரலைப் புதைபடிவம் என்றே சொல்லலாம், அது வேறு.) ஓரெழுத்து கூடினாலும் படிவமாக்கி என்றால் குழப்பம் இல்லை.

'குறிப்பு' என்ற சொல்லைப் பற்றி இழையில் ஏற்கெனவே ஒரு கேள்வி வந்திருந்தது:

> அரசு விண்ணப்பத்தில் கடைசியில் 'குறிப்பு:' என்று வருமே, அதோடு மோதாதா?

மோதும். மறுக்கவில்லை. அதற்காகத்தான் மளிகைச் சீட்டை நினைத்து 'படிவச்சீட்டு' என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் வாய்விட்டுப் படித்ததும், "மாசம் எவ்வளவு கட்டணும், தள்ளு எவ்வளவு போகும்?" என்றாள் மனைவி. ஏலச்சீட்டு ஓடாத தெரு இந்தப் பக்கம் ஏது? 'படிவமூலம்' பற்றி நான் பேசப்போவதில்லை, உங்களுக்கே புரியும். விண்ணப்பத்தில் 'குறிப்பு' தனியாக நிற்கிறது. இங்கே படிவத்தோடு ஒட்டி வருகிறது. அந்த அளவு வேறுபாடு போதும் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு மாலை படிவக்குறிப்பு, படிவமாக்கி இரண்டு சொல்லையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். மாற்றுச் சொல்லோடு வந்தால் நல்லது.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து