வரைதலுக்கு நான்கு ஆண்டுப் பட்டம் தேவைதானா?

வாசல்:
என் அக்காள் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். கணக்கிலும் உயிரியலிலும் நல்ல மதிப்பெண்கள் வாங்கியும், நுண்கலைப் பட்டப்படிப்பில் சேர்ந்து வரைதலையே முதன்மைப் பாடமாக எடுக்கப்போவதாக உறுதியாக நிற்கிறாள். அவளுடைய பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: இதைப் படித்தவர்கள் பிற்பாடு எதைச் செய்து பிழைக்கிறார்கள்? மனத்துக்குப் பிடித்ததைப் படிக்கட்டும் என்ற பதில் அவர்களுக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை. துறையில் இருப்பவர்கள் வேலை, வருமானம், பட்டத்தின் பயன் ஆகியவற்றை வைத்துப் பேசினால் நன்றியுடையவனாவேன்.

தனித்தூரிகை:
பட்டம் வேண்டாம் என்பதே என் கருத்து. சிறுவர் நூல்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரைந்து பல ஆண்டுகளாகப் பிழைத்து வருகிறேன். இதுவரை எந்தப் பதிப்பாசிரியரும் என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை. இதுவரை வரைந்தவற்றின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பார்கள், சொன்ன தேதிக்குப் படம் வந்து சேருமா என்று விசாரிப்பார்கள், அவ்வளவுதான். மருத்துவத்தையும் சட்டத்தையும் போல உரிமம் இல்லாமல் நுழைய முடியாத தொழில் இதுவன்று. கல்விக்கடனோடு வெளியே வரும் கலைப் பட்டதாரி, வரைதல் வேலை அமையும்வரை காத்திருக்க வழியின்றி, முதலில் கிடைத்த சம்பளத்துக்கு ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துவிடுவதையும், சில ஆண்டுகளில் கையே மறந்துபோவதையும் என் வயதொத்தவர்களிடம் நிறையவே கண்டிருக்கிறேன். அந்த நான்கு ஆண்டுகளைக் கடனில்லாமல், சிறு வேலைகளை எடுத்துச் செய்தபடி, நாள்தோறும் வரைந்து கழிப்பவருக்குக் கடைசியில் பட்டதாரியை விடக் கனமான போர்ட்ஃபோலியோ இருக்கும்.

கரிக்கோடு:
நான் ஒரு கல்லூரியில் உருவ வரைதல், அதாவது மனித உடலை நேரில் பார்த்து வரைதல், கற்பிப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பேச்சில் சார்பு இருப்பதாகக் கருதினால் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள்.

பதிப்பாசிரியர் போர்ட்ஃபோலியோவை மட்டுமே பார்க்கிறார் என்பது உண்மை. அந்தப் போர்ட்ஃபோலியோ எப்படி உருவாகிறது என்பதைப் பற்றித்தான் நண்பர் தனித்தூரிகை பேசவில்லை. தனியே கற்பவர்களில் பெரும்பாலோர் புகைப்படத்தைப் பார்த்தே வரைகிறார்கள். புகைப்படத்தில், முப்பரிமாண உருவத்தைத் தட்டையாக்கும் வேலையைக் கேமரா ஏற்கெனவே செய்து முடித்துவிடுகிறது. எந்த விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டும், எது நிழலில் கரைய வேண்டும் என்ற தேர்வும் வரைபவரின் கையை விட்டுப் போய்விடுகிறது. எதிரே மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும் மாடலை வரையும்போது அந்தத் தேர்வுகள் அனைத்தையும் மாணவரே செய்தாக வேண்டும். உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, அதனால் இடுப்பெலும்பு எப்படிச் சாய்கிறது, அதை ஈடுகட்டத் தோள் எப்படி எதிர்ப்புறம் சாய்கிறது என்று அரை நிமிட வரைவில் கண்டுகொள்ளும் பழக்கம் நூற்றுக்கணக்கான மணி நேரத்துக்குப் பிறகே கைக்கு வரும். அத்தனை மணி நேரத்துக்கு மாடலை அமர்த்தும் வசதி தனியொருவருக்கு எங்கே இருக்கிறது?

ஒரு சான்று சொல்கிறேன். 1932இல் வால்ட் டிஸ்னி, சூய்நார்ட் கலைப்பள்ளியில் கற்பித்துவந்த டான் கிரஹாமை வரவழைத்து, ஏற்கெனவே தம்மிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அனிமேட்டர்களுக்கு மாலை நேர வரைதல் வகுப்புகள் நடத்தச் செய்தார். கேலிச்சித்திரம் வரையும் திறமையில் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் முழுநீளப் படத்தில் மனித உருவங்கள் நம்பும்படியாக நடக்கவும் திரும்பவும் வேண்டுமென்றால் அந்தத் திறமை போதாது என்பதை டிஸ்னி உணர்ந்திருந்தார்.

கலைக்கல்லூரியில் நிலைக்காமலே பெரிய ஓவியரான வான்கோவை அடுத்து யாராவது எடுத்துக்காட்டுவார் என்று எதிர்பார்ப்பதால் அதற்கும் இப்போதே பதில்: ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்தை அவர் சில வாரங்களில் விட்டு வெளியேறியது உண்மைதான், அவரை வாழவைத்தது தம்பி தியோ மாதந்தோறும் அனுப்பிய பணம். வேலைவாய்ப்புக்கு எடுத்துக்காட்டாக அவரைக் காட்டுவதற்கில்லை.

தனித்தூரிகை:
வான்கோவை நான் அழைக்கவே இல்லை. ஆனால் டிஸ்னி எடுத்துக்காட்டு என் பக்கமே சாய்கிறது. அந்த அனிமேட்டர்கள் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்கள், சம்பளம் வாங்கினார்கள், பிறகு முதலாளியின் செலவில் மாலையில் கற்றார்கள். கரிக்கோடு ஐயா வலியுறுத்தும் உருவ வரைதல் பயிற்சி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அதைப் பெறுவதற்கு நான்கு ஆண்டுப் பட்டத்தையும் அதன் கட்டணத்தையும் சேர்த்து வாங்கியாக வேண்டும் என்பதையே மறுக்கிறேன். வாரத்தில் ஒரு மாலை மாடலை அமர்த்தி, செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் வரைதல் குழுக்கள் பல நகரங்களில் இயங்குகின்றன.

மேலும், கலைக்கல்லூரி என்றாலே வரைதல் கற்பிக்கும் இடம் என்று நாம் எடுத்துக்கொள்வதும் சரியில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல கல்லூரிகளில் உருவ வரைதல் கட்டாயப் பாடமாக இருந்த நிலை மாறி, கருத்துக்கும் அதை விளக்கும் எழுத்துக்கும் முதலிடம் வந்தது. பழைய முறைப் பயிற்சியைத் தேடியவர்களுக்காகத் தனிப் பயிற்சிக்கூடங்கள் தோன்றின. 1991இல் தொடங்கிய ஃபுளோரன்ஸ் அகாடமி ஆஃப் ஆர்ட் அவற்றில் ஒன்று. கல்லூரிகள் தம் வேலையைச் செய்திருந்தால் இவற்றுக்கு ஏன் மாணவர்கள் போக வேண்டும்?

அளவுகோல்:
இரு தரப்பும் ஆசிரியர், ஓவியர் நிலையிலிருந்தே பேசுவதால், வேலைக்கு ஆள் எடுப்பவன் என்ற முறையில் சிறிது சேர்க்கிறேன். அனிமேஷன் தொடர்களுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளைக் கட்டம் கட்டமாக முன்கூட்டியே காட்டும் படவரிசை, வரைபவர்களைத் தேர்ந்தெடுப்பது என் பணி. விண்ணப்பத்தில் பட்டம் என்ற வரிக்கு என் கண் போவதே இல்லை. இரண்டு பக்கக் காட்சியைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் கட்டம் கட்டமாக வரைந்து தரச் சொல்வோம். யார் எங்கே நிற்கிறார், கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது, பார்வையாளரின் கண் அடுத்த கட்டத்தில் எங்கே விழும் என்பவை தெளிவாக இருந்தால் கோடு அழகற்றதாக இருந்தாலும் எடுத்துக்கொள்வோம். மினுக்கிய ஓவியங்கள் மட்டுமே நிறைந்த போர்ட்ஃபோலியோவைப் பார்த்தால் எனக்கு ஐயமே வருகிறது. ஒரே மனிதரைப் பத்துக் கோணத்தில் வரைந்த ஸ்கெட்ச் புத்தகம் இருந்தால் மனம் அமைதியடைகிறது.

ஆயினும் பட்டம் வெறும் தாள் என்று சொல்லிவிடவும் முடியாது. கல்லூரியில் நிரந்தர ஆசிரியராகவும், பல நாடுகளில் பள்ளி ஆசிரியராகவும் சேரப் பட்டம் வேண்டும். வெளிநாட்டு ஸ்டுடியோ ஒன்று அழைத்தாலும், பல நாடுகளின் வேலை விசா விதிகள் பட்டத்தையோ அதற்கு ஈடாக நீண்ட அனுபவச் சான்றையோ கேட்கின்றன. நாங்கள் மிகவும் விரும்பிய ஒருவரை இந்தக் காரணத்தால் இழந்திருக்கிறோம். இது கலைக்குத் தொடர்பில்லாத காரணம்தான். ஆனாலும் பெற்றோர் கேட்பது பிழைப்பைப் பற்றியல்லவா?

வாசல்:
மூவருக்கும் நன்றி. அவளுடைய அப்பா இன்னொன்றும் கேட்கிறார். நாலு சொல்லைத் தட்டச்சு செய்தால் கணினியே படம் வரைந்து தரும்போது, இவள் படித்து முடிப்பதற்குள் அந்த வேலை இருக்குமா?

தனித்தூரிகை:
இதில் நான் நம்பிக்கை ஊட்டப் போவதில்லை. 2022இல் இக்கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தபின், வலைப்பக்கத் துணைப்படம், மலிவான அட்டைப்படம், விளம்பரத்துக்கான மாதிரி வரைவு போன்ற சிறு வேலைகள் எனக்கு வருவது கண்கூடாகக் குறைந்துவிட்டது. தொடக்க நிலையில் இருப்பவர்கள் பிழைத்ததும் பழகியதும் அந்தச் சிறு வேலைகளில்தான் என்பதால் அடி அவர்களுக்கே பலமாக விழுகிறது. கடன் வாங்கிப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரிக்கோடு:
அதே உண்மையிலிருந்து எனக்கு வேறு முடிவு கிடைக்கிறது. சிறு வேலைகள் செய்தபடியே கற்றுக்கொள்ளலாம் என்றுதானே முதல் பதிவில் சொன்னீர்கள்? அந்தச் சிறு வேலைகளே அருகிவிட்டன என்றால், பழகுவதற்கான இடமாகக் கல்லூரியின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஒரு படத்தின் தோற்றத்துக்காக மட்டும் பணம் கொடுப்பவர் கருவியிடம் போய்விடுவார். அவரைத் தடுக்க முடியாது. படத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டிய இடங்களில் நிலைமை வேறு. தாவரவியல் வரைபடத்தில் ஒரே தாளில் பூவும் காயும் வேரும் இடம்பெறும். இயற்கையில் அவை பெரும்பாலும் ஒரே நாளில் ஒரே செடியில் கிடைப்பதில்லை. எனவே பல மாதிரிகளைப் பார்த்து, அந்த இனத்துக்குப் பொதுவானது எது, இந்தச் செடிக்கு மட்டும் நேர்ந்த குறை எது என்று வரைபவரே பிரித்தறிய வேண்டியிருக்கிறது. தொல்லியலில் கற்கருவிகளை இன்றும் கையால் வரைகிறார்கள். கருவியைச் செதுக்கும்போது கல்லிலிருந்து செதில்கள் பெயர்ந்த திசையையும் வரிசையையும் கோடுகளால் காட்டும் அளவுக்குப் புகைப்படம் தெளிவாகக் காட்டுவதில்லை. மருத்துவத்தில் இது தனித் துறையாகவே வளர்ந்தது. லைப்ஸிக் கலைக்கழகத்தில் பயின்ற மாக்ஸ் புரோடல், 1911இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஓவியத்துக்கென்று உலகின் முதல் துறையைத் தொடங்கினார். அறுவை மருத்துவரின் கை எதைச் செய்கிறது என்பதைக் குருதியும் பஞ்சும் மறைக்காமல் காட்டுவதே அந்த ஓவியத்தின் பணி.

தனித்தூரிகை:
அழகான துறைகள்தான், ஆனால் மிகச் சிறியவை. ஆண்டுதோறும் பட்டம் பெறுவோரில் எத்தனை பேருக்கு அங்கே இடம் இருக்கும்? சிலருக்குக் கிடைக்கும் நாற்காலியைக் காட்டி எல்லோரிடமும் கட்டணம் வாங்குவதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

அளவுகோல்:
அந்தக் குறை நியாயமானதே. ஆகவே, நண்பர் வாசல், பொதுவாகப் பட்டம் நல்லதா என்று கேட்பதை விட்டுவிட்டு, அவள் சேர நினைக்கும் கல்லூரியிடம் நேரடியாகக் கேளுங்கள். மாடலை வைத்து வரையும் வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அது முதலாண்டோடு நின்றுவிடுகிறதா, கற்பிப்பவர்கள் இப்போதும் வரைகிறார்களா, சென்ற ஆண்டு முடித்தவர்களின் போர்ட்ஃபோலியோக்களைப் பார்க்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு கல்லூரியைப் பாருங்கள். வேலைவாய்ப்பு விழுக்காடு என்று அவர்கள் எதையாவது நீட்டினால், அதில் வரைதல் தொடர்பான வேலைகள் எத்தனை என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அவள் உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மருத்துவ ஓவியப் படிப்புகள் வரைதல் திறனோடு உடற்கூறியல், உயிரியல் பாடங்களையும் முன்தகுதியாகக் கேட்கின்றன. இரண்டும் ஒருசேர அமைந்த மாணவர்கள் அதிகம் இல்லை. கலைக்கல்லூரியில் சேர்ந்தாலும் அந்தப் பாடங்களை விருப்பப் பாடமாகத் தொடர வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தனித்தூரிகை:
அது பெரும்பாலும் முதுநிலைப் படிப்பு, அதைக் கற்பிக்கும் இடங்களும் உலகில் மிகச் சிலவே. முதல் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் சில ஆண்டுகளும் கட்டணமும் இருக்கின்றன என்பதையும் அவளுடைய பெற்றோரிடம் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.