பேசிப் பிரியும்போது எங்கே இடறுகிறது: துறையில் இருப்பவர்கள் பகிரவும்

மீடியேட்டர், எழும்பூர்:
விவாகரத்துக்கு இரண்டு பேருக்கும் சம்மதம் என்று சொல்லித்தான் சமரசம் பேசும் என்னிடம் வருகிறார்கள். ஆனால் ஒருவர் மனதளவில் எப்போதோ பிரிந்து, அழுது முடித்து, வாடகை வீடு வரை பார்த்துவிட்டு வந்திருப்பார். இன்னொருவருக்குப் போன மாதம்தான் விஷயமே தெரிந்திருக்கும். இதைக் கவனிக்காமல் முதல் நாளே தொகை பேச ஆரம்பித்தால், பிந்தித் தெரிந்துகொண்டவர் "எப்படியோ முடியட்டும்" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். பின்னால் நிற்காமல் போவது அந்தக் கையெழுத்துதான்.

அதனால் முதல் அமர்வு தனித்தனியாக. "சேர்ந்து வாழும் எண்ணம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா?" என்று இருவரையும் தனியே கேட்க வேண்டும். எதிரில் துணை உட்கார்ந்திருந்தால் உண்மையான பதில் வராது. தனி அமர்வில் சொன்னதை, சொன்னவர் அனுமதி இல்லாமல் மறுபக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. மீடியேஷனில் பேசியது கோர்ட்டில் சாட்சியமாகவும் வராது. முடிந்ததா இல்லையா என்பது மட்டும்தான் போகும். இதை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொன்னால் பாதி இறுக்கம் குறைகிறது.

பெரியவர்களை என்ன செய்வது? அப்பா, தாய்மாமன், அண்ணன் எல்லாரையும் முதல் நாள் உள்ளே விட்டால் அது பஞ்சாயத்தாகிவிடும். கடைசி வரை வெளியே நிறுத்தினாலும் ஆபத்து. கல்யாணச் செலவு செய்த அப்பாவின் அவமானத்தை யாரும் கேட்கவில்லை என்றால், முடிந்த பேச்சை வீட்டுக்குப் போன ராத்திரியே அவர் கலைத்துவிடுவார். விதிமுறைகள் ஓரளவு உருவான பிறகு அவர்களுக்கென்று ஓர் அமர்வு ஒதுக்குவதுதான் சரி.

வழக்கறிஞர், பாரிமுனை:
மீடியேட்டர் மேடம் சொன்ன அந்த "நிற்காத கையெழுத்து" சட்டத்தில் எங்கே விழுகிறது என்று சொல்கிறேன். இருவர் சம்மதத்தோடு விவாகரத்து பெற வழி செய்வது இந்து திருமணச் சட்டத்தின் 13பி, 1976இல் சேர்ந்த பிரிவு. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் தம்பதியாக வாழாமல் இருந்தால் அதுவும் கணக்கில் வரும். முதல் மனு போட்டு ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இரண்டாவது முறை வந்து உறுதி சொல்ல வேண்டும். தீர்ப்பு வரும் வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லிவிட்டது. அவசரப்படுத்தி வாங்கிய சம்மதம் கலைவது இந்த ஆறு மாதத்தில்தான்.

அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. கேட்டவுடன் கிடைக்காது. முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்காக வீடியோ வழியாகவும், நெருங்கிய உறவினர் மூலமாகவும் நடத்தலாம் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

இன்னொன்று. பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை குத்தி "விவாகரத்து ஆகிவிட்டது" என்று நம்பி வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நிரூபிக்கக்கூடிய சமூக வழக்கம் இருந்தால் தவிர அது செல்லாது. வெளியே எவ்வளவு அழகாகப் பேசி முடித்தாலும், கடைசிக் கையெழுத்து உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள ஃபேமிலி கோர்ட்டில்தான்.

கணக்காளர், மயிலாப்பூர்:
பணத்தில் சண்டை வருவது பெரும்பாலும் தொகையால் இல்லை, தெளிவில்லாத எழுத்தால்.

நகை: "சுமார் 40 பவுன்" என்று எழுதினால் மறுநாளே தகராறு. ஒவ்வொரு உருப்படியும் எத்தனை கிராம், இப்போது யாரிடம் இருக்கிறது, எந்த லாக்கரில், அடகில் இருந்தால் சீட்டு யார் கையில், மீட்கும் வட்டி யாருடையது என்று எழுத வேண்டும். இருவர் முன்னிலையில் எடை போட்டுப் பட்டியலில் இருவரும் கையெழுத்திடுவது நல்லது. சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பதால் அங்கே குழப்பம் குறைவு.

வீடு: ஹவுசிங் லோன் இரண்டு பேர் பெயரிலும் இருந்தால், ஒப்பந்தத்தில் "இனி இஎம்ஐ அவர் கட்டுவார்" என்று எழுதியது பேங்க்கைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாவிட்டால் உங்கள் சிபில் ஸ்கோரும் சேர்ந்து விழும். லோனை ஒருவர் பெயருக்கு மாற்ற பேங்க் சம்மதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள், பிறகு பங்கு பேசுங்கள். ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைக் கணவன் மனைவியாக இருக்கும்போதே பதிவு செய்வதா என்பதையும் யோசியுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வைச் சலுகை இருக்கிறது.

டிடி (பேங்க் டிமாண்ட் டிராஃப்ட்): மூன்று மாதம்தான் செல்லும். முதல் மனு அன்றே மொத்தத் தொகைக்கும் எடுத்துவைத்தால் இரண்டாவது தேதிக்குள் காலாவதி. தவணையாகப் பிரித்து, கடைசித் தவணை டிடியை இறுதி விசாரணைக்குச் சில நாள் முன்னால் எடுங்கள்.

மனநல ஆலோசகர், அண்ணா நகர்:
நகைப் பட்டியல் பற்றி ஒரு வேண்டுகோள். தாலியை மற்ற நகைகளோடு கிராம் கணக்கில் வரிசையாக எழுதாதீர்கள். பல அமர்வுகள் அந்த ஒரு வரியில் உடைகின்றன. அதை என்ன செய்ய விரும்புகிறார் என்று அந்தப் பெண்ணிடம் தனியே, முன்கூட்டியே கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

குழந்தையிடம் "யாரோடு இருக்கப் போகிறாய்?" என்று கேட்கவே கூடாது. முடிவு அம்மா அப்பாவுடையது. அதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே வார்த்தைகளில், குழந்தைக்குச் சொல்ல வேண்டும். எந்த வீடு, எந்தப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை எங்கே, பாட்டியைப் பார்க்க முடியுமா என்பவைதான் குழந்தையின் கேள்விகள். ஆகவே ஒப்பந்தத்தில் "நியாயமான சந்திப்பு" என்று மொட்டையாக எழுதுவதில் பயனில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவது, தீபாவளி யாரிடம், பொங்கல் யாரிடம், கோடை விடுமுறையில் எத்தனை வாரம், வீடியோ காலுக்கு எந்த நேரம், பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து யார் என்று எழுதுங்கள். ஃபீஸ் ஏறுவதற்கு ஏற்ப வருடா வருடம் தொகை ஏறும் என்றும் சேர்த்துவிடுங்கள். குழந்தையின் ஜீவனாம்ச உரிமையை அம்மா விட்டுக்கொடுத்துப் பேரம் பேச முடியாது.

அடி, மிரட்டல் நடந்த வீடு என்றால் இந்த முறையே வேண்டாம். பயப்படுபவரை எதிரில் உட்காரவைத்து வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவியும் உண்டு.

வழக்கறிஞர், பாரிமுனை:
இரு பக்க வக்கீல்களும் சேர்ந்து உட்கார்ந்து கோர்ட்டுக்கு வெளியே பேசி முடிக்கும் கொலாபரேட்டிவ் முறை பற்றித் தனிச் செய்தியில் கேட்டவர்களுக்கு: 1990இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்டூ வெப் என்ற வழக்கறிஞர் தொடங்கியது. பேச்சு முறிந்து வழக்கு என்று போனால் இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கையெழுத்திடுவதுதான் அதன் உயிர்நாடி. சண்டை நீண்டால் வக்கீலுக்கு லாபம் என்ற நிலை இதில் இல்லை. இங்கே இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. அந்த ஒப்பந்தத்தின் பலத்தில்தான் நடக்கும். முறிந்தால் புது வக்கீலுக்கு மறுபடி முதலிலிருந்து ஃபீஸ் கட்ட வேண்டும் என்பதைக் கட்சிக்காரர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் ஏற்கெனவே 498ஏ (கணவனோ அவர் வீட்டாரோ மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றம்; 2024 ஜூலை முதல் பிஎன்எஸ் 85) வழக்கு பதிவாகியிருந்தால், "வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்ற ஒரு வரி போதாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். யார் போடுவது, எந்தத் தவணை கைக்கு வந்த பிறகு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து, செலவு யாருடையது என்ற மூன்றையும் செட்டில்மென்ட்டில் தேதியோடு எழுதுங்கள். இதை எழுதாமல் விட்ட வழக்குகளில், விவாகரத்து கிடைத்த பிறகும் எஃப்ஐஆர் அப்படியே உயிரோடு இருந்து பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது எழுந்து நிற்கிறது.