டெபியன் தானியங்கி நிறுவல்: க்ரப் பூட்டும் சூடோ உரிமையும் ப்ரீசீடிலேயே வேண்டுமா, அப்புறமா?

கோட்டையூர்க்காரன்:
எங்கள் ஊர்ப் பள்ளி லேபில் 20 கணினிகள், எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ் போட வேண்டும். ப்ரீசீட் கோப்பின் (நிறுவி கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதிவைக்கும் கோப்பு) லேட் கமாண்டிலேயே, அதாவது நிறுவலின் கடைசியில் ஓடும் கட்டளையிலேயே, எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. மாணவர் கணக்கை நிர்வாகி உரிமை தரும் சூடோ குழுவில் சேர்க்காவிட்டால் போதும் என்று பலர் இருக்கிறார்கள். போதாது. கணினி கிளம்பும்போது க்ரப் காட்டும் பூட் மெனுவில் ஈ பொத்தானை அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் இனிட் என்று பாஷின் பாதையைக் கொடுத்தால் முழு அதிகாரமுள்ள ரூட் ஷெல் வந்து நிற்கும், கடவுச்சொல்லே கேட்காது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் கண்ணெதிரே செய்தான். முகப்பைத் திறந்து போட்டுவிட்டு வளவு அறைகளைப் பூட்டி என்ன பயன்?

தேவகோட்டைத் தம்பி:
அண்ணே, பூட்டு வேண்டும்தான். நிறுவும்போதே வேண்டாம் என்கிறேன். நான் அப்படித்தான் க்ரப்புக்கு சூப்பர்யூசரும் கடவுச்சொல்லும் வைத்தேன். மறுநாள் காலை கரண்ட் போய் வந்தது. அத்தனை கணினியும் கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்டு நின்றன, பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். லேட் கமாண்டில் ஒரு தப்பு என்றால் 20 இடத்திலும் அதே தப்பு. முதல் தடவை கிளம்பியதும், பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிள் கருவியை வைத்து, ஒன்றில் சோதித்துவிட்டு மற்றதைத் தொடலாம்.

கோட்டையூர்க்காரன்:
அங்கே விட்டுப்போனது ஒரே சொல், தம்பி. க்ரப்.டி அடைவின் 10_லினக்ஸ் கோப்பில், கிளாஸ் வரியில் --அன்ரெஸ்ட்ரிக்டட் சேர்த்து அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள். சாதாரணமாகக் கிளம்பும், மெனுவைத் திருத்தப் போனால்தான் கேட்கும். நீங்கள் ஆன்சிபிள் ஓட்டும்வரை அந்த லேப் திறந்தே கிடக்குமே, அதற்கு என்ன வழி?

பள்ளத்தூர் டீச்சர்:
ஒன்று சொல்லிவிடுகிறேன். லேட் கமாண்ட் ஓடுவது நிறுவியின் சூழலில். நிறுவிய வட்டு /டார்கெட் என்ற இடத்தில்தான் இருக்கும். கட்டளையை அந்த வட்டுக்குள் ஓட்டும் இன்-டார்கெட் போடாமல் /ஈடிசி என்று எழுதினால் மாற்றம் ரேமுக்குப் போய், ரீபூட்டில் காணாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. நான் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். அதேபோல பயனரைக் குழுவில் சேர்க்கும் யூசர்மாட் கட்டளையில் பெரிய எழுத்து -ஜி மட்டும் போட்டால் பழைய குழுக்கள் போய்விடும், -ஏ-வும் சேர்த்துப் போடுங்கள்.

தேவகோட்டைத் தம்பி:
சரி அண்ணே, க்ரப் பூட்டு நிறுவும்போதே இருக்கட்டும். அது ஒரு தடவை வைத்தால் மாறாது. சூடோ அப்படியில்லையே. யாருக்கு எந்தக் கட்டளை என்பது வருஷா வருஷம் மாறும். லேப் பொறுப்பு வேறு ஆசிரியருக்குப் போனால் 20 கணினியையும் திரும்ப நிறுவுவீர்களா?