சிஸ்டம் அப்டேட்டுக்கு அப்புறம் சைட் எட்டாமப் போன கதைகள்: காரைக்குடி வட்டாரத்து ஆட்கள் எழுதுங்க

ஆத்தங்குடி:
சர்வரோட (சைட் ஓடுற மெஷின்) உபுண்டு சிஸ்டத்தை 22.04-லேர்ந்து 24.04-க்கு ஏத்தினேன். எஸ்எஸ்எச் (தூரத்துலேர்ந்து சர்வருக்குள்ள நுழையுற வழி) உள்ளே விடுது, டைல்ஸ் கம்பெனி சைட் மட்டும் இல்லை. எச்டிடிபி-ல (போர்ட் 80, அதாவது சர்வரோட 80-ம் நம்பர் வாசல்) போனா பூ டிசைன் டைல்ஸ் வர்ற இடத்துல அப்பாச்சியோட 'இட் ஒர்க்ஸ்!' பக்கம். எச்டிடிபிஎஸ்-ல (போர்ட் 443) போனா 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்'. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ரெண்டுமே சைட்டை வெளியே கொடுக்கிற வெப் சர்வர் புரோகிராம்; அந்த மெஷின்ல அப்பாச்சியே போட்டதில்லை, என்ஜின்எக்ஸ் மட்டும்தான்.

எந்தப் போர்ட்ல எந்தப் புரோகிராம் இருக்குன்னு காட்டுற 'எஸ்எஸ் -டிஎல்என்பி' போட்டா 80-ல உட்கார்ந்திருக்கிறது அப்பாச்சி2. என்ஜின்எக்ஸ் லாக்ல '98: அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'. பிஎச்பி (சைட் எழுதியிருக்கிற மொழி) பேக்கேஜ், தன்னை வெப் சர்வரோட இணைக்க அப்பாச்சி மாட்யூல், எஃப்பிஎம், சிஜிஐ மூணுல ஒண்ணு இருந்தாகணும்னு கேட்கும். புது பதிப்போட எஃப்பிஎம் இல்லேன்னா வரிசையில முதல்ல நிக்கிற அப்பாச்சியை இழுத்துட்டு வந்துடும். ஒரு போர்ட் கிடைக்கலேன்னாலும் என்ஜின்எக்ஸ் மொத்தமா எழும்பாது, அதனாலதான் 443-உம் செத்துக் கிடந்துச்சு. முதல்ல பிஎச்பி8.3-எஃப்பிஎம் இன்ஸ்டால், அப்புறம் 'சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நௌ அப்பாச்சி2', கடைசியா என்ஜின்எக்ஸ் ஸ்டார்ட்.

தேவகோட்டை:
அதுக்கு அடுத்த படி இது. என்ஜின்எக்ஸ் ஓடுது, ஆனா 502 (பின்னாடி இருக்கிற பிஎச்பி-கிட்டேர்ந்து சரியான பதில் இல்லைங்கிற எரர்). எரர் லாக்ல பிஎச்பி8.1-எஃப்பிஎம்.சாக் 'நோ சச் ஃபைல்'. 24.04-ல வர்றது 8.3, என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல (அமைப்பு ஃபைல்) பிஎச்பி எங்கே இருக்குன்னு சொல்ற ஃபாஸ்ட்சிஜிஐ_பாஸ் வரி இன்னும் 8.1-ஐக் காட்டுது. மாத்தி, கான்ஃபிக்ல பிழை இருக்கான்னு 'என்ஜின்எக்ஸ் -டி' பார்த்து, ரீலோடு.

சைட் வந்துடுச்சு. ஆனா கண்டாங்கி சேலை படம் ஒண்ணுகூட ஏறல. பழைய பிஎச்பி.இனி-ல (பிஎச்பி-யோட அமைப்பு ஃபைல்) செஞ்ச மாற்றம் எதுவும் புது பதிப்புக்கு வராது. அப்லோடு வரம்பு மறுபடி 2 எம்பிக்குப் போயிருந்துச்சு. எஃப்பிஎம்-மோட அமைப்பு இருக்கிற பூல் ஃபைலும் அப்படித்தான், கையால கொண்டுபோகணும்.

பள்ளத்தூர்:
இவ்வளவு ஏன்? முதல்ல 'யூஎஃப்டபிள்யூ டிசேபிள்' போட்டு உபுண்டுவோட ஃபயர்வாலை நிறுத்திப் பாருங்க. பாதி கேஸ் அதுலயே தெரிஞ்சிடும்.

கானாடுகாத்தான்:
பள்ளத்தூர் அண்ணே, தயவுசெஞ்சு அதைச் சொல்லாதீங்க. 0.0.0.0-ல (மெஷினோட எல்லா முகவரியிலயும்) திறந்து கிடக்கிற அத்தனை போர்ட்டும் அந்த நிமிஷமே வெளியே தெரியும். தவிர, மேலே வந்தது 'ரெஃப்யூஸ்ட்'. யூஎஃப்டபிள்யூ-வோட டீஃபால்ட் டினை (தானா இருக்கிற தடை) பாக்கெட்டைச் சத்தமில்லாமக் கீழே போடும், அதனால 'டைம்ட் அவுட்'தான் வரும். ரெஃப்யூஸ்ட்னா பெரும்பாலும் மெஷின் வரைக்கும் பாக்கெட் போகுது, அந்தப் போர்ட்டைக் கேட்க ஆள் இல்லை.

டைம்ட் அவுட்டுக்கு ஒரு கேஸ் சொல்றேன். இங்கே ஒரு பெரிய வீட்டைத் தங்கும் விடுதியாக்கி, புக்கிங் சைட்டை வீட்டுக்குள்ள இருக்கிற சின்ன பெட்டியிலயே ஓட்டுறாங்க. அப்டேட் முடிஞ்ச மறுநாள் ஆச்சி போன்: "தம்பி, சைட்டு சுத்திக்கிட்டே இருக்கு." சர்வர்லயே 127.0.0.1-க்கு (அதே மெஷினுக்கு) கர்ல் கமாண்டுல சைட்டைக் கேட்டா 200, அதாவது சரியா வருது. வெளியிலேர்ந்து வெறும் டைம்ட் அவுட். வர்ற போற பாக்கெட்டைக் காட்டுற 'டிசிபிடம்ப் -என்ஐ எனி போர்ட் 443' ஓடவிட்டு, மொபைல் டேட்டாவுல சைட்டைத் திறந்தா ஒரு சின் பாக்கெட்கூட (இணைப்பைத் தொடங்குற முதல் பாக்கெட்) வரல. வந்துட்டுப் பதில் போகாம இருந்தா ஃபயர்வாலைப் பார்க்கலாம். வரவே இல்லேன்னா ரௌட்டர் எங்கே அனுப்புதுன்னு பார்க்கணும்.

மெஷினோட முகவரிகளைக் காட்டுற 'ஐபி ஏ' பார்த்தா விஷயம் தெரிஞ்சது. ஈஎன்பி2எஸ்0-ங்கிற நெட்வொர்க் கார்டு பேர் ஈஎன்பி3எஸ்0 ஆகியிருந்துச்சு. நெட்பிளான்ல (உபுண்டுவோட நெட்வொர்க் அமைப்பு) நிலையான 192.168.1.10 பழைய பேருக்கு எழுதினது, புதுப் பேரை யாரும் கண்டுக்கலை. வெளியிலேர்ந்து வர்றதை ரௌட்டரோட போர்ட் ஃபார்வர்டு, இப்போ யாருக்கும் இல்லாத 192.168.1.10-க்கே அனுப்பிக்கிட்டிருந்தது.

யாரும் கேட்கலேன்னாலும் சொல்லிடறேன், இதுலதான் ஜனம் மாட்டுது. அப்கிரேடுக்கு முன்னாடி 'எஸ்எஸ் -டிஎல்என்பி', 'ஐபி ஏ', 'டிபிகேஜி -எல்' (என்னென்ன பேக்கேஜ் இருக்குங்கிற பட்டியல்) மூணோட வெளியீட்டையும் ஃபைலாச் சேமிங்க. அமைப்பு ஃபைல்கள் இருக்கிற /ஈடிசி முழுசையும் டார் பண்ணி (ஒரே ஃபைலாக் கட்டி) வேற மெஷின்ல வைங்க. எஸ்எஸ்எச் வழியா டூ-ரிலீஸ்-அப்கிரேடு (பதிப்பை ஏத்துற கமாண்டு) ஓட்டினா அவசரத்துக்கு 1022-ல இன்னொரு எஸ்எஸ்எச் திறக்கும், ஃபயர்வால்ல அதைத் திறக்கிறது உங்க வேலை. கான்ஃபிக் ஃபைலை வச்சுக்கவா மாத்தவான்னு கேட்கும்போது பழையதை வச்சா புதுசு .டிபிகேஜி-டிஸ்ட்-னு பக்கத்துலயே கிடக்கும். புதுசை எடுத்தா உங்களது .டிபிகேஜி-ஓல்டு. ரெண்டையும் டிஃப் போட்டு வித்தியாசம் பார்க்காம ரீபூட் பண்ணாதீங்க.

தேவகோட்டை:
ஆச்சி வீட்டு நெட்பிளானை எப்படிச் சரிபண்ணீங்க? பேரை மட்டும் மாத்தினா அடுத்த தடவை மறுபடி மாறுமே.

கானாடுகாத்தான்:
பேரை நம்பவே இல்லை. நெட்பிளான் ஃபைல்ல 'மேட்ச்'-க்குக் கீழே மேக்அட்ரஸ் (கார்டுக்கே உரிய நம்பர்), கூடவே நாமே பேர் வைக்க 'செட்-நேம்: லேன்0'. அப்புறம் 'நெட்பிளான் அப்ளை' வேண்டாம், 'நெட்பிளான் டிரை' போடுங்க. 120 வினாடிக்குள்ள என்டர் தட்டலேன்னா பழைய அமைப்புக்கே திரும்பிடும்.