வாக்கர், டக்கர், ஃபுல்லர்: இந்தப் பெயர்க்காரர்களைச் சந்தித்த அனுபவம் உண்டா?

ஹாலிஃபாக்ஸ் செவிலி:

வாக்கர் என்ற குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் போன மாதம் வரை தெரியாது. மேற்கு யார்க்‌ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே வாக்கர் என்று ஒரு பெரியவர் இருந்தார். நடை நின்று இரண்டு ஆண்டுகள். நடக்க முடியாதவரை "நடப்பவர்" என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் முதல் பெயரையே சொல்லிவந்தேன்.

ஒரு மாலை வெதுவெதுப்பான தண்ணீரில் அவர் பாதங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். "எல்லாரும் மிஸ்டர் வாக்கர் என்கிறார்கள், நீ மட்டும் ஏன் சொல்வதில்லை?" என்று கேட்டார். மறைக்கத் தெரியாமல் காரணத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வலது பாதத்தை ஒரு விரற்கடை தூக்கி வைத்தார். பிறகு இடது. மறுபடி வலது. பேசினில் கிடந்த துவாலை அவர் பாதத்தின் கீழே மடங்கியது, தண்ணீர் என் முழங்கையில் தெறித்தது. "நடப்பது இல்லை, மிதிப்பது. தறியிலிருந்து வந்த கம்பளியைத் தொட்டியில் போட்டு மிதித்தவர்கள் நாங்கள்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி சரி, தண்ணீர் சிந்துகிறது" என்று துவாலையை உருவிக்கொண்டேன். அடுத்த வாரம் நான் விடுப்பில் இருந்தபோது அவர் இறந்துவிட்டார். அந்தச் "சரி சரி" இன்னும் தொண்டையில் நிற்கிறது.

எக்ஸிடர் தபால்காரன்:

அக்கா, நீங்கள் வடக்கே இருப்பதால் வாக்கர். தென்மேற்கில் அதே வேலைக்கு டக்கர் என்று பெயர். நான் கடிதம் போடும் தெருக்களில் டக்கர் இல்லாத தெருவைத் தேட வேண்டும். ஒரு நாள் பார்சலுக்குக் கையெழுத்து வாங்கும்போது ஒரு டக்கர் அம்மையார் சொன்னார்: "இதே பார்சல் யார்க்‌ஷயரில் மிஸஸ் வாக்கருக்குப் போயிருக்கும், சசெக்ஸில் மிஸஸ் ஃபுல்லருக்கு." பேனாவைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். பழைய ஆங்கிலத்தில் "டூக்கியன்" என்றால் வதைப்பது, துன்புறுத்துவது. துணியை அந்தப் பாடு படுத்தியதால் டக்கர். இங்கே ஃபோர் தெருவில் டக்கர்ஸ் ஹால் இருக்கிறது, நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் சேர்ந்த சங்கத்தின் மண்டபம். 1471-இல் கட்டியது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், அந்த அம்மையார் சொல்லும் வரை தலை நிமிர்ந்து பார்த்ததில்லை.

ரெடிங் ஆசிரியை:

என் வகுப்பில் ஒரு ஃபுல்லர், ஒரு வாக்கர். இருவருக்கும் ஓயாத சண்டை. குடும்பப் பெயர்களைப் பற்றிப் பாடம் வந்த அன்று, இரண்டும் ஒரே தொழிலின் பெயர் என்று கரும்பலகையில் எழுதினேன். ஃபுல்லர் திரும்பி வாக்கரைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. தன் சட்டையை வேறு ஒருவன் போட்டிருப்பதைக் கண்டதுபோல் இருந்தது. சண்டை நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்.

தமிழ் பைபிளில் மாற்கு 9:3-இல் "எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத வெண்மையாய்" என்று வருகிறதல்லவா, ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஃபுல்லர்தான். ஆக இந்த மூன்று பெயரும் சலவைத் தொழிலாளி என்றே பொருள்படும்.

லங்காஷயர் தறிக்காரன்:

ஆசிரியை அவர்களே, அது பாதிதான் சரி. சலவை என்றால் அழுக்கு நீக்கம். இவர்கள் வேலை அதோடு முடியவில்லை. தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி சல்லடைபோல் தளர்ந்திருக்கும், ஆட்டு ரோமத்தின் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதை நாள்பட்ட சிறுநீரிலும் களிமண் கரைசலிலும் ஊறவைத்து மிதித்தால் எண்ணெய் போகும், இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கித் துணி தடிக்கும். அதன் பிறகே அது குளிர் தாங்கும். சுருங்கிய துணியை நீண்ட மரச்சட்டங்களில் கொக்கி மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு டென்டர் என்று பெயர். லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் டென்டர் கிரவுண்ட் என்ற தெரு அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

செவிலி அக்காவின் பெரியவர் சொன்னதிலும் ஒன்று சேர்க்க வேண்டும். 1185-லேயே இங்கிலாந்தில் தண்ணீர்ச் சக்தியால் ஓடும் மிதி ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. காலின் இடத்துக்கு மரச் சம்மட்டி வந்துவிட்டது. ஆனால் வடக்கே ஆலைக்கும் "வாக் மில்" என்றே பெயர் வைத்தார்கள், அதை நடத்தியவரும் வாக்கர்தான். ஹெல்ம்‌ஷோரில் 1789-இல் கட்டிய அப்படி ஓர் ஆலை இப்போது அருங்காட்சியகம். மகளுடன் போயிருந்தேன். சக்கரம் சுழன்றதும் சம்மட்டி ஒன்று எழும்ப ஒன்று விழுந்தது. இடது, வலது, இடது, வலது. என் மகள் அறியாமலே அதே தாளத்தில் நின்ற இடத்தில் கால் மாற்றிக்கொண்டிருந்தாள். அக்காவின் பதிவைப் படித்ததும் அந்தக் கால்கள்தாம் நினைவுக்கு வந்தன.

கார்டிஃப் ஓட்டுநர்:

நான் பஸ் ஓட்டும் வழியில் டோனிபாண்டி என்று ஓர் ஊர். பெயர்ப் பலகையை முதன்முதலில் பார்த்த அன்று வண்டியை நிறுத்தத்தில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். வேல்ஸ் மலைக்குள் ஒரு பாண்டி! நம் பாண்டியர்கள் கடல் கடந்து வந்திருக்க வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். யாராவது ஆராய வேண்டும்.

லங்காஷயர் தறிக்காரன்:

அண்ணா, ஆராய்ச்சி தேவையில்லை. வேல்ஸ் மொழியில் "பாண்டி" என்றால் துணி மிதிக்கும் ஆலை. நம் பாண்டியோடு ஒலி ஒற்றுமை மட்டும்தான். ஆனால் நீங்கள் சரியான இழைக்கே வந்திருக்கிறீர்கள்: டோனிபாண்டி, வாக்கர்கள் வேலை செய்த இடத்தின் வேல்ஸ் பெயர்.

கிளாஸ்கோ மருந்தாளுநர்:

என் கதை சின்னது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஒரு விழாவில், பெண்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஈரக் கம்பளியை அடித்து அடித்து அடுத்தவருக்குத் தள்ளியதைப் பார்த்தேன். ஒருவர் பாட, மற்றவர்கள் கேலிக் மொழியில் பின்பாட்டு. துணி வலஞ்சுழியாகத்தான் சுற்ற வேண்டும், இடமாகத் தள்ளிவிட்ட ஒரு சிறுமியின் கையைப் பாட்டி ஒருவர் பாட்டை நிறுத்தாமலே பிடித்துத் திருப்பினார். அந்த வேலைக்கும் "வாக்கிங்" என்றுதான் பெயர்.

இனி சில யோசனைகள். வாக்கர் என்றதும் நடை நினைவுக்கு வருவது செவிலி சகோதரியின் தவறு இல்லை. ஜானி வாக்கர் புட்டியில் நீட்டி நடை போடும் மனிதர் 1908-இல் வரையப்பட்டவர், உலகமே அவரைப் பார்த்துத்தான் பொருள் கொண்டது. இங்கிலாந்தின் முதல் இருபது குடும்பப் பெயர்களுக்குள் இருப்பதால் எல்லா வாக்கரும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். துணி மிதித்த ஊர் ஒவ்வொன்றிலும் தனித்தனியே முளைத்த பெயர் அது. நியூகாசலில் வாக்கர் என்றே ஒரு பகுதி உண்டு, ரோமானியச் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்று பொருள். அங்கிருந்து வந்தவர்கள் சிலரும் அந்தப் பெயரைச் சுமக்கலாம். கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் விற்றுப் புகழ்பெற்ற அமெரிக்கப் பெண் தொழிலதிபர் மேடம் சி. ஜே. வாக்கருக்குக் கணவர் வழியாக வந்த பெயர். ஆகவே பெயரை வைத்துத் தொழிலை முடிவு செய்யாமல், இங்கிலாந்தில் 1837 ஜூலையில் தொடங்கும் பிறப்புப் பதிவுகளையும் அதற்கு முன்பு தேவாலயப் பதிவேடுகளையும் பின்னோக்கிப் பாருங்கள். முதலில் பாட்டனார் ஊரை உறுதி செய்துகொள்ளுங்கள், பல குடும்பங்கள் அங்கேதான் வழி தவறுகின்றன.

இன்னொன்று. தறிக்காரத் தம்பி சொன்ன களிமண்தான் நம் வீட்டு முல்தானி மட்டி. ஆங்கிலத்தில் அதற்கு "ஃபுல்லரின் மண்" என்றே பெயர். கம்பளியின் எண்ணெயை உறிஞ்சுவதுபோல் முகத்தின் எண்ணெயையும் உறிஞ்சும். வறண்ட சருமக்காரர்கள் தினமும் பூச வேண்டாம், முழுதாகக் காய்ந்து இறுகும் முன்பே கழுவிவிடுங்கள்.

ஹாலிஃபாக்ஸ் செவிலி:

எல்லாருக்கும் நன்றி. மருந்தாளுநர் ஐயா, அவருடைய வம்சாவளி எனக்கு வேண்டியதில்லை. அந்த மிதியை அவருக்கு யார் காட்டிக்கொடுத்தார்கள் என்பது ஒன்றைத்தான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

சனிக்கிழமை அவர் மகள் வந்தார், அப்பாவின் பொருள்களை எடுத்துப் போக. கால் கழுவிய அன்று பேசினில் நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் பெயரின் பொருள் தெரிந்திருக்கவில்லை. எனக்குச் சொல்லத் தெரியாததால் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் வைத்து மாற்றி மாற்றி அழுத்திக் காட்டினேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு முறை காட்டுங்கள்" என்றார்.